மாமா ஆந்திரா, மருமகன் தமிழ்நாடு

திருத்தணி ஆறரை வருஷம் ஆந்திராவுல இருந்துச்சுன்னு சொன்னா எங்க வீட்டுப் பொடிசுங்க நம்ப மாட்டேங்குதுங்க. "ஊரு எப்படி நகரும்?"னு கேக்குதுங்க. ஊரு எங்கயும் நகரலை, கோடுதான் நகர்ந்துச்சு. 1953 அக்டோபர் 1ந் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தப்போ சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போச்சு, அதோட திருத்தணியும் போச்சு. 1960 ஏப்ரல் 1ந் தேதி திரும்பி வந்துச்சு. விரல் விட்டு எண்ணினா சரியா ஆறு வருஷம், ஆறு மாசம்.

இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடமா இருக்கறதுக்கு வரலாற்று ஆர்வம் மட்டும் காரணம் இல்லை. அந்தக் கோடு எங்க குடும்பத்துக்கு நடுவால போகுது. எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு ஏழு பிள்ளைங்க. அதுல நாலு பேரோட வம்சம் இந்தப் பக்கம், மூணு பேரோட வம்சம் நகரி, புத்தூர்னு அந்தப் பக்கம். அந்த ஏழு பேரும் ரெண்டு மொழியும் பேசினவங்க. அவங்க பிள்ளைங்களும் ஓரளவு பேசினாங்க. எங்க தலைமுறையில சமாளிப்போம். எங்களுக்கு அடுத்தது..... அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சமீபத்துல ஒரு சனி, ஞாயிறு எல்லாரும் திருத்தணியில கூடினோம். 64 தலை. அதுல 21 தலை பத்து வயசுக்குக் கீழே. அந்த 21ல மூணு தலைக்கு மொட்டை. கொட்டம்னா கொட்டம் அப்படி ஒரு கொட்டம். அதைப் பத்தி ஜாலியா நாலு வரி எழுதலாம்னு உக்காந்தா, வரலாறு வந்து நடுவுல சப்பணம் போட்டு உக்காந்துக்கிச்சு. பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல கோடு போட்ட கதை.

திருத்தணி ஒரு காலத்துல கார்வேட்நகர் ஜமீனைச் சேர்ந்த ஊர். வெள்ளைக்காரன் கணக்குல வடஆர்க்காடு ஜில்லா. 1911ல நிர்வாக வசதிக்காக வடஆர்க்காட்டிலேருந்து கொஞ்சம், அந்தப் பக்கம் கடப்பையிலேருந்து கொஞ்சம்னு வெட்டி ஒட்டி சித்தூர் ஜில்லாவை உண்டாக்கினாங்க. திருத்தணி அதுக்குள்ள போச்சு. அப்ப இதுக்காக யார் வீட்டுலயும் உலை கொதிக்காம நிக்கலை. எல்லாமே ஒரே சென்னை ராஜதானிதானே? எந்தக் கச்சேரிக்குப் போய் வரி கட்டணும்ங்கறது மட்டும்தான் மாறுச்சு.

அந்த வெட்டி ஒட்டின வேலையோட விளைவு 42 வருஷம் கழிச்சு வந்துச்சு. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15ந் தேதி சென்னையில உண்ணாவிரதம் இருந்தே உயிரை விட்டார். ஆந்திரா தனி மாநிலம்னு முடிவாச்சு. பிரிக்கும்போது ஜில்லாவை அப்படியே தூக்கிக் கொடுக்கறது சுலபம் இல்லையா? சித்தூர் ஜில்லா போச்சு. தமிழ் பேசுற ஊருங்க எத்தனையோ அதுக்குள்ள மாட்டிக்கிச்சு.

ம.பொ.சி.யும் அவரோட தமிழரசுக் கழகமும் களத்துல இறங்கினது இதுக்காகத்தான். இந்த வட்டாரத்துலயே தமிழ் சொல்லிக் கொடுத்து, ஊர் ஊராப் போய் ஆளுங்களைத் திரட்டின மங்கலங்கிழார் இல்லைன்னா அந்தப் போராட்டத்துக்கு இங்க வேர் பிடிச்சிருக்காது. சென்னையில இருந்தவங்க பேர் நினைவுல நின்ன அளவுக்கு அவர் பேர் நிக்கலைங்கறது எனக்கு எப்பவும் ஒரு ஆதங்கம். மறியல், கைது, சிறைன்னு பல பேர் கஷ்டப்பட்டாங்க. அவங்க கேட்டது திருத்தணி மட்டும் இல்லை. தொல்காப்பியப் பாயிரம் வடக்கே வேங்கடம், தெற்கே குமரின்னு எல்லை சொல்லுதே, அதனால திருப்பதியையும் கேட்டாங்க.

கடைசியில ரெண்டு மாநிலமும் ஒத்துக்கிட்டு, மத்திய அமைச்சரா இருந்த எச்.வி. பதாஸ்கர்கிட்ட பஞ்சாயத்து போச்சு. அவர் வச்ச அளவுகோல் எளிமையானது. ஜில்லாவையோ தாலுகாவையோ பார்க்காதே, கிராமத்தைப் பார். அந்தக் கிராமத்துல அதிகம் பேர் பேசற மொழி எது, அது பக்கத்து மாநிலத்தோட நிலத்தால தொட்டுக்கிட்டு இருக்கா, அவ்வளவுதான். (பிற்பாடு பெல்காம் தகராறுல இந்த 'பதாஸ்கர் சூத்திரம்'ங்கற பேரைத்தான் திரும்பத் திரும்ப இழுத்தாங்க.) 1959ல பார்லிமெண்ட்டுல சட்டமாச்சு. அடுத்த ஏப்ரல் 1லேருந்து திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரத்துல 300க்கும் மேற்பட்ட கிராமங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்துச்சு. பதிலுக்கு இங்கேருந்து சத்தியவேடு மாதிரி ஊருங்க ஆந்திராவுக்குப் போச்சு. செங்கல்பட்டு ஜில்லாவுக்குள்ள வந்த திருத்தணி, பிற்பாடு திருவள்ளூர் மாவட்டம் ஆச்சு.

இதுல ஒரு வேடிக்கை. 1888ல திருத்தணியில பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1952லேருந்து துணை ஜனாதிபதி. முதல் வருஷம் அவரோட பிறந்த ஊர் சென்னை மாநிலம், அடுத்த வருஷம் ஆந்திரா. 1962ல ஜனாதிபதி ஆகும்போது மறுபடியும் சென்னை மாநிலம். வீட்டுல தெலுங்கு, படிச்சது திருத்தணி, திருப்பதி, வேலூர், சென்னைன்னு ரெண்டு பக்கமும். அவரை எந்தக் கிராமத்துக் கணக்குல சேர்ப்பீங்க?

போராடினவங்க பக்கம் நியாயம் இருந்துச்சுன்னுதான் நான் நினைக்கறேன். இன்னிக்கு திருத்தணிப் பசங்க தமிழ்ல படிக்குதுன்னா அதுக்குப் பின்னால சிறைக்குப் போனவங்க இருக்காங்க. ஆனா கிராமத்தை எண்ணலாம், குடும்பத்தை எப்படி எண்றது? ஒரே வீட்டுல மாமியார் தெலுங்கு, மருமக தமிழ். கொழுந்தன் தெலுங்கு பேசற கிராமத்துல, அவர் தங்கச்சி வாக்கப்பட்டது தமிழ் கிராமத்துல. எங்க தாத்தா வகையில ஒரு துண்டு நிலம் இருந்துச்சு. நிலம் ஒரு மாநிலத்துல, அதுக்குப் பாத்தியதைப்பட்டவங்க இன்னொரு மாநிலத்துல. அது ஒரு மனஸ்தாபமாகி அண்ணன் தம்பிக்குள்ள 11 வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. கோடு போட்டவரைக் குத்தம் சொல்லலை. நிலம்னு வந்தா கோடு இல்லாமலே சண்டை போடற குடும்பம்தான் எங்களுது :-)

அந்தப் பேச்சு வார்த்தை திரும்பினது ஒரு மொட்டையில. கோவிச்சுக்கிட்டு இருந்த தம்பியோட பேரனுக்கு திருத்தணியில காது குத்து. தாய்மாமன் மடி வேணும். தாய்மாமன் அண்ணன் வீட்டுல இருந்தார்.

இதை ஊருக்கு வெளியே இருக்கறவங்களுக்கு விளக்கறது கஷ்டம். நம்ம ஆளுங்க 'கெட் டுகெதர்'னு பேர் வச்சுக் கூடினது எல்லாம் இப்ப வந்த பழக்கம். அதுக்கு முன்னாடி சொந்தக்காரங்க மொத்தமும் சேர்றதுக்குன்னு இருந்தது கல்யாணமும் கருமாதியும், இது ரெண்டும் விட்டா பிள்ளைங்களுக்கு மொட்டை அடிச்சுக் காது குத்தறது. குலதெய்வத்துக்கோ, இஷ்ட தெய்வத்துக்கோ முதல் முடி. பிள்ளை தாய்மாமன் மடியில உக்காரணும். அவர் சீர் கொண்டு வரணும். தமிழ் வீட்டுலயும் அதே, தெலுங்கு வீட்டுலயும் அதே. அங்க அவருக்கு மேனமாமான்னு பேரு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ரயில் இதுக்கு ரொம்ப உதவுச்சு. சென்னையிலேருந்து பம்பாய் போற பாதை 1871ல முழுசாச்சு. அரக்கோணத்துலேருந்து ரேணிகுண்டா போற வழியில திருத்தணி ஸ்டேஷன். இங்கேருந்து அடுத்த ஸ்டேஷன் பொன்பாடி, அப்புறம் ஆந்திரா. பெரம்பூர்ல வேலை பார்த்தவங்க தெற்கேருந்தும், புத்தூர்க்காரங்க வடக்கேருந்தும் வந்து நடுவுல இறங்கினா அது திருத்தணி. திருப்பதிக்குப் போய்ட்டு வர்றவங்க வழியில முருகனையும் பார்த்துட்டு வர்றது இங்க ரொம்ப நாள் வழக்கம்.

அதுக்குப் புராணத்துலயே காரணம் இருக்கு. திருமால் முருகனுக்குத் தாய்மாமன். திருப்புகழ்ல அருணகிரிநாதர் முருகனை மாலோட மருகன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பார். போதாததுக்கு வள்ளியும் தெய்வானையும் போன பிறவியில திருமாலோட பொண்ணுங்கன்னு கந்தபுராணம் சொல்லுது. ஆக மாமன் பொண்ணுங்களைத்தான் கட்டியிருக்கார். மாமா, மாமனார் ரெண்டும் ஒரே ஆளு. போராட்டத்துல கேட்டது மாமாவையும் மருமகனையும். கிடைச்சது மருமகன் மட்டும். மாமா ஆந்திராவுலயே தங்கிட்டார். நடுவுல 65 கிலோமீட்டர், ஒரு செக் போஸ்ட் :-)

இப்ப கொஞ்சம் தூரமா ஒரு சுத்து. அமெரிக்காவுல ராச்செஸ்டர்ங்கற ஊர்ல லூயிஸ் ஹென்றி மார்கன்னு ஒரு வக்கீல். பக்கத்துல இருந்த செனகா பழங்குடி மக்கள்கிட்ட ஒரு விஷயம் பார்த்து அசந்து போனார். அப்பாவோட அண்ணன் தம்பியையும் அப்பான்னே கூப்பிடறாங்க. அம்மாவோட அக்கா தங்கச்சியும் அம்மாதான். அவங்க பிள்ளைங்க எல்லாம் கூடப்பிறந்தவங்க. ஆனா அத்தை, மாமா பிள்ளைங்க மட்டும் வேற. உலகத்துல வேற எங்கயாவது இப்படி இருக்கான்னு நாலா பக்கமும் கடுதாசி போட்டார். ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்துப் பாதிரியார்கள் மூலமா தமிழ் உறவுமுறை அவர் கைக்குப் போச்சு. அப்படியே அச்சு அசலா அதே மாதிரி! மனுஷர் துள்ளிக் குதிச்சுட்டார். 1871ல அதை வச்சுப் பெரிய புத்தகம் போட்டார். செவ்விந்தியர்கள் ஆசியாவிலேருந்து வந்ததுக்கு இதுதான் சாட்சின்னு அவர் கட்டின வாதம் பிற்பாடு நிக்கலை. ஆனா உறவுமுறையைப் படிக்கிற ஒரு துறையே அதுலேருந்துதான் கிளம்புச்சு. இன்னிக்கும் இந்த வகைக்கு 'திராவிட உறவுமுறை'ன்னுதான் பேர். தாமஸ் டிரவுட்மன் 1981ல அதே தலைப்புல ஒரு புத்தகமே எழுதியிருக்கார்.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்த மிஷன் வேலை பார்த்தது வடஆர்க்காடு ஜில்லாவுல. அதாவது அன்னிக்கு திருத்தணி இருந்த அதே ஜில்லா. நம்ம பாட்டிங்க வாயில புழங்கின சொல்லு நியூயார்க் மாநிலத்துல ஒரு வக்கீலைத் தூங்க விடாம அடிச்சிருக்கு!

தமிழ்லயும் தெலுங்குலயும் மொழி வேற, கணக்கு ஒண்ணு. பெரியப்பா அங்க பெதநான்னா, பெரியம்மா பெத்தம்மா, சித்தி பின்னி. அத்தை அத்தாதான், மாமா மாமாதான். அண்ணியை மதனின்னு சொல்ற ஊர் இருக்கு, அங்க வதினா. அத்தான் மட்டும் பாவா ஆயிடுவார். முக்கியமா, சித்தப்பா பிள்ளை கூடப்பிறந்தவன், மாமா பிள்ளை முறைக்காரன்ங்கற அந்தப் பிரிவு ரெண்டுலயும் ஒண்ணு. அதனாலதான் ரெண்டு மொழி வீடுங்க பொண்ணு கொடுத்து பொண்ணு எடுக்க முடிஞ்சுது. பாஷை தெரியாத மருமகளா இருந்தாலும், வீட்டுக்குள்ள நுழைஞ்ச நிமிஷமே யார்கிட்ட தலை குனியணும், யாரைக் கேலி பண்ணலாம்னு அவளுக்குத் தெரியும். பதாஸ்கர் கணக்கெடுப்புல இந்த மொழிக்குக் கட்டம் இல்லை.

சரி, சனி ஞாயிறுக்கு வர்றேன்.

ஆடிக் கிருத்திகைக்கு வைக்கலாம்னு ஒரு சித்தப்பா ஆரம்பிச்சார். ஆந்திராவிலேருந்து பூக்காவடி எடுத்துக்கிட்டு வர்ற கூட்டத்துல பெரியவங்களே தொலைஞ்சு போவாங்க, இதுல 21 பொடிசான்னு அத்தைங்க எல்லாம் சேர்ந்து அதை அமுக்கிட்டாங்க. கூட்டமில்லாத ஒரு வாரக் கடைசிக்குக் கீழே ஒரு கல்யாண மண்டபம் பிடிச்சோம். சாப்பாட்டுல எல்லை ஒண்ணும் தெரியலை. அவங்க கோங்குரான்னாங்க, நாங்க புளிச்சகீரைன்னோம், பாத்திரம் காலியாச்சு.

படி ஏறினது தனிக்கதை. வருஷத்துக்கு 365 நாள், இங்க 365 படின்னு சொல்லி எண்ணச் சொன்னோம். ஒருத்தன் 341ங்கறான், ஒருத்தி 402ங்கறா. ஒரு வாண்டு நூறுக்கு மேல எண்ணத் தெரியாம நாலு தடவை நூறு எண்ணிட்டு வந்து நின்னுது. இறங்கும்போது ரெண்டு ரெண்டு படியா குதிச்ச ஒருத்தனுக்குக் கை மணிக்கட்டு வீங்கிப் போச்சு. அவன் அம்மா பதற, பின்னாலேருந்து யாரோ "புத்தூர்க்காரர் கூடவே இருக்கும்போது என்ன பயம்?"னு ஒரு குரல். (எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டு உலகப் பிரசித்தம் இல்லையா?) நல்ல வேளை, வெறும் சுளுக்கு.

கோபம் தணிஞ்ச இடம்ங்கறதாலதான் தணிகை. கந்த சஷ்டிக்கு மத்த முருகன் கோயில்கள்ல சூரசம்ஹாரம் நடந்தா, இங்க அது கிடையாது, புஷ்பாஞ்சலிதான். 11 வருஷம் பேசாம இருந்த வீட்டுக்காரங்க நாங்க, வேற எந்த ஊர்ல போய் கூடறது?

மொட்டை முடிஞ்சு, மூணு மண்டையிலயும் சந்தனம் பூசி, மத்தியானம் மண்டபத்துக்கு வந்தாச்சு. பெரிய அத்தை ஒரு மூலையில உக்காந்து எலுமிச்சம்பழம் எண்ணிக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு 75 வயசு. திருத்தணி ஆந்திராவுல இருந்தப்போ பள்ளிக்கூடத்துல சேர்ந்தவங்க. நாலாவது வரைக்கும் தெலுங்கு வாத்தியார். முழு ஆண்டு லீவு விட்டு, ஜூன்ல திரும்பிப் போனா அஞ்சாவதுல தமிழ் வாத்தியார். நடுவுல ஊரே மாநிலம் மாறிடுச்சு. இன்னிக்கும் அவங்க கோலத்துக்குப் புள்ளியைத் தமிழ்ல எண்ணுவாங்க, காசை மட்டும் தெலுங்குலதான். வாய்ப்பாடு "ரெண்டு ரெள்ளு நாலுகு"ன்னுதான் வரும். சாமான் பட்டியல் எழுதினாங்கன்னா தமிழ் வார்த்தையைத் தெலுங்கு எழுத்துல எழுதுவாங்க. மளிகைக்கடைக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டார், அவருக்கும் ரெண்டும் தெரியும்.

அவங்க முன்னாடிதான் அது நடந்துச்சு. ஹைதராபாத்துலேருந்து வந்த ஆறு வயசுப் பையன், சென்னையிலேருந்து வந்த ஏழு வயசுப் பொண்ணு. ரெண்டும் இங்கிலீஷ்ல பேசிக்கிட்டு விளையாடுதுங்க. அவனுக்குத் தமிழ் வராது, அவளுக்குத் தெலுங்கு வராது. அத்தை கூப்பிட்டு அவன்கிட்ட தெலுங்குலயும் அவகிட்ட தமிழ்லயும் கேட்டாங்க, "இவ உனக்கு என்ன வேணும்? இவன் உனக்கு என்ன வேணும்?"

ரெண்டும் ஒரே குரல்ல, "கஸின்."

அத்தை சிரிக்கலை. "அது என்ன முறை? அண்ணனா, தம்பியா, மாமன் மவனா? ஒண்ணுமே சொல்லாம ஒரு முறையா?"ன்னாங்க. 1960ல மாநிலம் மாறினப்பவே அவங்க இவ்வளவு கலங்கியிருக்க மாட்டாங்க. அப்ப மாறினது புஸ்தகம் மட்டும்தான். வீட்டுக்குள்ள யார் யாருக்கு என்னங்கறது அப்படியேதான் இருந்துச்சு. இப்ப புஸ்தகம் பத்திரமா இருக்கு, இது போகுது.

ராத்திரி எங்க சித்தி மகள் ஒரு வேலை பண்ணினா. நாலு சார்ட் பேப்பரை ஒட்டி, கொள்ளுத்தாத்தாவிலேருந்து கிளை வரைஞ்சா. 64 பேருக்கும் கட்டம். ஒவ்வொரு பொடிசும் பேனாவோட போய், எதிர்ல இருக்கற ஆளை என்ன முறை சொல்லிக் கூப்பிடணும்னு பெரியவங்ககிட்ட கேட்டு, கோடு இழுத்து எழுதணும். தமிழ் தெரிஞ்சதுங்க தமிழ்ல, தெலுங்கு தெரிஞ்சதுங்க தெலுங்குல, ரெண்டும் தெரியாததுங்க கேட்டதை அப்படியே இங்கிலீஷ் எழுத்துல. பத்தரை மணி வரைக்கும் மண்டபத்துல ஒரே கூச்சல். ஒரு நாலு வயசுக் குட்டிக்கு 40 வயசு ஆள் பேரன் முறைன்னு தெரிஞ்சதும் அது அவரை "டேய்"னு கூப்பிட ஆரம்பிச்சதுதான் அன்னிக்கு உச்சம். ஒரு இடத்துல பெரியவங்களுக்குள்ளயே சண்டை. அப்பா வழியில பார்த்தா சித்தப்பா, அம்மா வழியில பார்த்தா அத்தான். சொந்தத்துக்குள்ளயே கட்டினா இப்படித்தான் குழம்பும். சொந்தத்துல கல்யாணம் குறைஞ்சு போனது நல்லதுக்குத்தான், அதைப் பத்தி எனக்கு ரெண்டாவது கருத்து இல்லை. ஆனா அந்த முறையைச் சொல்ற சொல்லு ஏன் அதோட சேர்ந்து போகணும்?

அந்த ஆறு வயசுக்காரனும் ஏழு வயசுக்காரியும் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிச்சதுல, அவன் அவளுக்குச் சித்தப்பா முறை. ஞாயித்துக்கிழமை பூரா அவ அவனை "பாபாய், பாபாய்"னு துரத்திக்கிட்டு இருந்தா. தெலுங்குல சித்தப்பாவுக்கு அதான் சொல்லு. அவன் அவளைத் தமிழ்ல "மகளே"ன்னு அதட்டினான். யார் சொல்லிக் கொடுத்தாங்களோ!

அந்தச் சார்ட்டைப் படம் எடுத்து வச்சிருக்கேன். அதுல ஒன்பது சொல்லுக்கு மட்டும் ரெண்டு பக்கமும் ஒத்துப் போகலை. கணவனோட தம்பி பொண்டாட்டி, பொண்டாட்டியோட அக்கா புருஷன், இந்த மாதிரி இடங்கள். ஓசூர், செங்கோட்டை, கன்னியாகுமரி, பாலக்காட்டுப் பக்கம்னு கோட்டுக்கு மேலயே குடும்பம் வச்சிருக்கற நண்பர்கள் யாராவது இருந்தா, உங்க வீட்டுல இவங்களை எப்படிக் கூப்பிடறீங்கன்னு சொல்லுங்க. குறிப்பா சகலைக்கு. எங்க புத்தூர் மாமாவும் எங்க அப்பாவும் அதுக்கு இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க.